ஸ்பிரிங்கும் எண்ணெயும்

சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் செல்லும் வழியில், இருங்காட்டுக்கோட்டையில் அமைந்துள்ள மோட்டார் பந்தயப் பாதைக்குப் பந்தய நாளின் காலையில் போய் நிற்பவர் அங்கே இருவகை வண்டிகளைக் காண்பார்: லாரியில் ஏற்றிவந்து பக்குவமாக இறக்கப்படுபவை ஒருவகை, தம் சக்கரங்களாலேயே உருண்டோடி வந்து சேர்பவை மற்றொரு வகை. பின்னே சொன்ன வண்டி முந்தைய நாள் வரையில் உத்தியோகத்துக்கும் கடைவீதிக்கும் போய்வந்தது. மறுநாள் மீண்டும் அதே ஊழியத்துக்குத் திரும்ப வேண்டியது. இடையிலுள்ள ஒரு நாளில் மட்டும், வளைவுகளில் தன் டயர்கள் தாங்கும் எல்லைவரை ஓடவேண்டியது. 1990-ல் இந்தப் பாதை திறக்கப்படுவதற்கு முன்பு, சோழவரத்தில் இரண்டாம் உலக யுத்தகாலத்து விமான ஓடுதளத்தின்மீது பந்தயங்கள் நடந்த காலத்தில், தெருவில் ஓடிய பியட் 1100-உம் ஸ்டாண்டர்டு ஹெரால்டுமே பந்தயத்திலும் ஓடின என்பதை நினைக்கும்போது, இவ்விரட்டை வாழ்க்கை நமக்குப் புதிதன்று என்பது விளங்கும். லாரியில் வரும் வண்டியின் பிரச்சினை எளிது. அதற்கு எஜமானன் ஒருவனே. தானே ஓடிவரும் வண்டிக்கு எத்தகைய ஸ்பிரிங்கும் எத்தகைய ஷாக் அப்சார்பரும் பொருந்தும் என்பதே இவ்வத்தியாயத்தின் விசாரணை.

விறைப்பான ஸ்பிரிங்கைப் பூட்டிவிட்டால் வண்டி வளைவில் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும் என்னும் நம்பிக்கை பட்டறைகளில் வேரூன்றியிருப்பது; பந்தய வண்டிகள் யாவும் விறைப்பாக இருக்கக் காண்பவர்கள் அந்த விறைப்பே அவற்றின் வேகத்துக்குக் காரணம் என்று கொள்வது இயல்புதான். ஆனால் விறைப்பு ஒரு குணமன்று. வேறு சில காரியங்களைச் சாதிப்பதற்காக நாம் செலுத்தும் விலை. அக்காரியங்கள் கைகூடுமளவுக்கு எவ்வளவு குறைந்த விறைப்புப் போதுமோ அவ்வளவோடு நிற்பதே சரியான தேர்வு என்பது என் துணிபு.

ஸ்பிரிங்கின் சுபாவத்தை முதலில் பார்ப்போம். ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி, தாம் கண்ட விதியை மற்றவர் அபகரித்துவிடாதபடி, அதைச் சொல்லும் லத்தீன் வாக்கியத்தின் எழுத்துக்களையெல்லாம் கலைத்து அகரவரிசையில் அடுக்கி 1676-ல் ஒரு புதிராக அச்சிட்டுவிட்டு, இரண்டாண்டுகள் கழித்தே அதன் பொருளை வெளியிட்டார். நீளும் அளவுக்கேற்பவே எதிர்க்கும் விசையும் கூடும் என்பது அந்த விதி. காரின் சுருள் ஸ்பிரிங்கில் கம்பியின் தடிப்பே சர்வாதிகாரி: விறைப்பு அத்தடிப்பின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறுவதால், கம்பி பத்தில் ஒரு பங்கு தடித்தாலே விறைப்பு சுமார் 46 சதவீதம் ஏறிவிடும். சுற்றுக்களின் எண்ணிக்கையோ இதற்கு எதிர்மாறாக வேலை செய்கிறது; சுற்றுக் குறைந்தால் விறைப்புக் கூடும். ஆகவே ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தெறிந்து வண்டியைத் தாழ்த்துகிறவர், தாம் அறியாமலே அதன் விறைப்பையும் உயர்த்துகிறார்; அதே சமயத்தில் சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடத்தையும் குறைத்துக்கொள்கிறார். இது மலிவான யுக்தி. மலிவுக்கு மேல் அதைப் பாராட்டுவதற்கு ஒன்றுமில்லை.

ஆயினும், மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண் தனியே நின்று எதையும் உணர்த்துவதில்லை. அந்த ஸ்பிரிங்கின்மீது எவ்வளவு பாரம் அமர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது பொருள் பெறுகிறது. ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் அது தனக்கே உரிய தாளத்தில் ஆடுவதுபோல, பாரத்தைத் தாங்கிய ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் இயற்கையான ஓர் அதிர்வெண் உண்டு. விறைப்பை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, அதை 6.28-ஆல் வகுத்தால் அது கிடைக்கும். வீட்டுக் கார்கள் பெரும்பாலும் வினாடிக்கு 1 முதல் 1.5 அலைவுக்குள் அமைகின்றன. விளையாட்டுக் கார்கள் அதற்கு மேலே 2 வரையில். காற்றழுத்தத்தை நம்பாத பந்தய வண்டிகள் 2-க்கும் 2.5-க்கும் அருகே, இறக்கைகள் பூண்ட வண்டிகள் 3-க்கும் அப்பால். அதிர்வெண்ணை இரட்டிப்பாக்க வேண்டுமானால் விறைப்பை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதை மறவாதிருப்பது நல்லது.

நம் ஊரில் சாதாரணமாகக் காணும் ஒரு சிறு காரை எடுத்துக்கொள்வோம்: எஞ்சின் முன்னே, இயக்கம் பெறுவதும் முன்சக்கரங்களே; முன்புறத்தில் ஸ்ட்ரட், பின்புறத்தில் முறுக்குத் தண்டு; ஓட்டுபவரோடு சேர்த்து 1,000 கிலோகிராம். அதில் பத்தில் ஆறு பங்கு முன்னே அமர்கிறது என்றால், ஒவ்வொரு முன்சக்கரத்தின்மீதும் 300 கிலோகிராம். சக்கரம், பிரேக் முதலிய, ஸ்பிரிங்குக்குக் கீழேயுள்ள உறுப்புக்களுக்காக 35 கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 265. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இவ்வண்டி 1.3 அலைவில் ஆடிற்று என்று கொண்டால், சக்கரத்தில் விறைப்பு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 18 நியூட்டன். அதை 1.7-க்கு உயர்த்த 30 நியூட்டன் வேண்டும், 2.5-க்கு உயர்த்தவோ 65. முப்பதில் நின்ற வண்டியில் குழந்தையை முன்னே உட்காரவைத்துக்கொண்டு ஊருக்குப் போய்வரலாம். அறுபத்தைந்துக்குப் போன வண்டியில் தாம்பரம் போய்ச் சேருவதற்குள்ளேயே உடன் வருபவர் பேருந்தை விரும்பத் தொடங்குவார்.

இந்த எண்கள் சக்கரத்தில் அளந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங், சக்கரத்தின்மேல் நேராக அமர்வதில்லை. சக்கரம் ஒரு சென்டிமீட்டர் உயரும்போது ஸ்பிரிங் எவ்வளவு சுருங்குகிறது என்னும் விகிதத்தின் வர்க்கத்தால் ஸ்பிரிங்கின் விறைப்பைப் பெருக்கினால்தான் சக்கரத்தில் உணரப்படும் விறைப்புத் தெரியும். ஸ்ட்ரட்டில் அவ்விகிதம் 0.95 அளவில் இருப்பதால் 30 நியூட்டனைப் பெற 33 அல்லது 34 நியூட்டன் ஸ்பிரிங் போதுமானது. இரட்டைக் கைகளால் சக்கரத்தைப் பிடித்து, ஸ்பிரிங்கை உட்பக்கம் தள்ளி வைத்திருக்கும் வேறொரு காரில் விகிதம் 0.7 என்றால், அதே பயனைப் பெற 61 நியூட்டன் தேவை. நண்பர் ஒருவர் தம் காரில் அறுபது போட்டிருக்கிறார் என்பதற்காக நாமும் அறுபது வாங்குவது எத்தகைய விபரீதத்தில் முடியும் என்பதை இவ்வொரு கணக்கே காட்டிவிடும்.

இனி, எது வரையில் உயர்த்தலாம் என்னும் கேள்வி. அதற்கு விடை சொல்வது இயந்திரமன்று, மனித சரீரம். வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான செங்குத்து அதிர்வுகளையே நம் உடல் மிகவும் வெறுக்கிறது. அரை அலைவுக்கும் குறைந்த மந்தமான ஆட்டமோ தலைசுற்றலையும் குமட்டலையும் உண்டாக்குகிறது. நடக்கும்போது நம் உடல் எழுந்து தாழ்வது வினாடிக்கு இரண்டு தடவைக்குச் சற்றுக் குறைவாக. ஆகவே 1 முதல் 2 வரையிலான தாளத்தை ஜன்மம் எடுத்த நாள் முதல் பழகிய நம் சரீரம் பொறுத்துக்கொள்கிறது.

இந்தத் துறையில் மாரிஸ் ஆலி என்னும் எஞ்சினியரின் பெயரைச் சொல்லாமல் மேலே செல்வது நியாயமாகாது. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்துவிட்டு 1930-ல் அமெரிக்கக் காடிலாக் நிறுவனத்துக்கு வந்த அவர், ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் இடம் மாற்றக்கூடிய எடைகளைக் கட்டி, ஆட்களை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். அக்காலத்துக் கார்களில் முன் ஸ்பிரிங்குகள் விறைப்பாகவும் பின் ஸ்பிரிங்குகள் மெத்தென்றும் இருந்தன. மேட்டில் ஏறி இறங்கிய வண்டி, குதிரைபோல் முன்னும் பின்னுமாகத் தலையசைத்துக்கொண்டே போயிற்று. முன்சக்கரம் மேட்டைத் தொட்ட சற்று நேரத்துக்குப் பின்புதான் பின்சக்கரம் அதைத் தொடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், இரு அச்சுக்களுக்கும் இடைவெளி 2.4 மீட்டர் என்றால், அத்தாமதம் வினாடியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. பின்பகுதியின் அதிர்வெண் முன்பகுதியினுடையதைவிடச் சற்று அதிகமாயிருந்தால், தாமதித்துத் தொடங்கிய பின்பகுதி விரைந்து ஆடி முன்பகுதியை எட்டிப்பிடித்துவிடும்; தலையசைப்பு அடங்கி, வண்டி முழுவதும் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழும். ஆலி கண்ட உண்மை இதுவே. முன் ஸ்பிரிங்கை அவ்வளவு மெத்தென்று ஆக்குவது பழைய முழு அச்சுக்குப் பொருந்தாமையால், சக்கரத்துக்குச் சக்கரம் சுயேச்சையாக இயங்கும் முன் சஸ்பென்ஷன் 1934-ஆம் ஆண்டின் கார்களில் இடம்பெற வேண்டியதாயிற்று.

நம்முடைய சிறு கார் விஷயத்தில் ஆலியின் விதி இன்னொரு விதத்தில் அதிருஷ்டமானது. முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார் வளைவில் மூக்கை வெளியே தள்ளும் இயல்புடையது; அதைத் திருத்தப் பந்தயக்காரர் பின்புறத்தையே விறைப்பாக்குகிறார். முன்னே 1.7, பின்னே 1.9 என்று வைத்தால் பயணியும் பந்தயக்காரரும் ஒருங்கே திருப்தி அடைகிறார்கள். இரு எஜமானர்களும் ஒத்துப்போகும் இடங்கள் வேறு அதிகமில்லை.

வளைவில் என்ன நேருகிறது என்பதைப் பார்ப்போம். புவியீர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு பக்கவாட்டு விசையோடு நம் கார் திரும்புகிறது. அதன் புவியீர்ப்பு மையம் தரைக்கு அரை மீட்டர் மேலே. இடவல சக்கரங்களுக்கு இடைவெளி 1.45 மீட்டர். அப்போது உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு ஏறத்தாழ 310 கிலோகிராம் பாரம் மாறிவிடுகிறது. இந்தக் கணக்கில் நிறை, உயரம், அகலம், விசை ஆகிய நான்கும் வருகின்றனவே அன்றி, ஸ்பிரிங் எங்கும் வரவில்லை! எவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டாலும் அந்த 310 கிலோகிராம் மாறியே தீரும். ஸ்பிரிங் தீர்மானிப்பவை இரண்டே: வண்டி எவ்வளவு சாய்கிறது என்பது ஒன்று, மாறும் பாரத்தில் முன் அச்சுக்கு எத்தனை பங்கு, பின் அச்சுக்கு எத்தனை பங்கு என்பது மற்றொன்று. டயரின் பிடிப்பு, பாரம் கூடக்கூடத் தானும் கூடுகிறதாயினும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே எந்த அச்சு அதிகப் பங்கை ஏற்கிறதோ அந்த அச்சே முதலில் பிடிப்பை இழக்கும். பின்புறத்தை விறைப்பாக்கினால் மூக்கு உள்ளே திரும்புவதன் ரகசியம் இதுதான்.

அப்படியானால் விறைப்பு எதற்காக? சாய்வு மிகும்போது ஸ்ட்ரட் வகைச் சக்கரம் தானும் வெளிப்பக்கம் சாய்ந்து, டயரின் ஓரத்திலேயே ஓடத் தலைப்படுகிறது. அதைத் தடுப்பது முதல் காரணம். சக்கரம் தன் பயணத்தின் எல்லையை எட்டி, ரப்பர்த் தடுப்பின்மீது மோதாமல் காப்பது இரண்டாவது. என் அபிப்பிராயத்தில் அதுவே பிரதானம். மாறும் பாரத்தில் பாதியை முன் அச்சு ஏற்கிறது என்றும், சாய்வைத் தடுக்கும் பட்டை ஏதும் இல்லை என்றும் வைத்துக்கொண்டால், 18 நியூட்டன் விறைப்பில் வெளிப்பக்க முன்சக்கரம் சுமார் 85 மில்லிமீட்டர் மேலே ஏறும். 30 நியூட்டனில் 50. சிறு கார்களில் முன்னதற்குப் பெரும்பாலும் இடமிராது. நடு வளைவில் தடுப்பு மோதியவுடன் அந்த மூலையின் விறைப்பு ஒரு கணத்தில் பன்மடங்காகிறது. முன்னே மோதினால் வண்டி நேரே போகும், பின்னே மோதினால் சுழன்றுவிடும். இதனால்தான் ஸ்பிரிங்கை மாற்றாமல் வண்டியை மட்டும் தாழ்த்துவது ஆபத்தாகிறது. அதோடு, ஸ்ட்ரட் வண்டியை அளவுக்கு மீறித் தாழ்த்தும்போது, எந்தப் புள்ளியைச் சுற்றி அது சாய்கிறதோ அந்தப் புள்ளி, உடல் தாழ்ந்ததைவிட அதிகமாகத் தாழ்ந்துவிடுவதால், தாழ்ந்த வண்டி முன்னிலும் அதிகமாகச் சாய்வதும் உண்டு.

சாய்வை மட்டும் தடுக்க ஸ்பிரிங்கைவிட நாகரிகமான சாதனம், இடவல சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் பார் என்னும் முறுக்குப் பட்டை. இரு சக்கரங்களும் ஒன்றாக எழும்போது அது சும்மா இருக்கிறது. ஒன்று எழுந்து ஒன்று தாழும்போதே முறுக்கிக்கொண்டு எதிர்க்கிறது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது அதன் தொந்தரவு தெரியும் என்றாலும், வேகத்தடைகள் மலிந்த நாட்டில் மிதமான ஸ்பிரிங்கும் சற்றுத் தடித்த பட்டையும் சேர்ந்த கூட்டணியையே நான் விரும்புவேன்.

ஸ்பிரிங் சக்தியைச் சேமித்துவைத்துத் திருப்பித் தருவது. அதனால் அழிக்க இயலாது. அழிப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. குழாய்க்குள் எண்ணெய், அதில் துளைகளும், துளைகளை மூடிய மெல்லிய எஃகுத் தகடுகளும் கொண்ட பிஸ்டன், சக்கரம் ஆடும்போது எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு பாய்ந்து உஷ்ணமாகிறது, அவ்வுஷ்ணம் குழாயின் சுவர் வழியே காற்றில் கலக்கிறது. அதிர்ச்சியை உறிஞ்சுவது இதுவே என்று பெயர் சொன்னாலும், உண்மையில் அதிர்ச்சியை முதலில் ஏற்பது ஸ்பிரிங். இது ஆட்டத்தை அடக்கும் கருவியே. தொடர்ந்து கடுமையாக ஓடும்போது சூடான எண்ணெயில் குமிழிகள் தோன்றி அடக்கும் திறன் வற்றிப்போவதைத் தடுக்க, மிதக்கும் பிஸ்டன் ஒன்றுக்குப் பின்னால் அழுத்தமான நைட்ரஜனை அடைத்துவைத்த ஒற்றைக் குழாய் முறையைப் பிரெஞ்சுக்காரரான தெ கார்போன் வகுத்தார். பந்தயத்துக்குச் செல்லும் வண்டிகள் அதை நாடுவதன் காரணம் இதுவே.

ஒரு ஆட்டமும் மிஞ்சாமல் வண்டி ஓய்வுக்குத் திரும்பத் தேவையான குறைந்தபட்சத் தடையை 1 என்று கொண்டு, உள்ள தடையை அதன் பின்னமாகச் சொல்வது வழக்கம். வீட்டுக் கார்களில் இது 0.2 முதல் 0.4 வரையில், பந்தய வண்டிகளில் 0.7-ஐ ஒட்டி. பின்னம் 0.3 ஆயிருக்கையில், அமுக்கிவிட்ட வண்டி தன் நிலையைத் தாண்டி மறுபுறம் 37 சதவீதம் எழும்பும், 0.7 ஆயிருக்கையில் 5 சதவீதத்துக்கும் குறைவு. இப்போது, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொள்பவருக்கு என்ன நேருகிறது என்று பாருங்கள். 1.3-லிருந்து 1.7-க்குப் போகையில் தேவைப்படும் தடையும் அதே விகிதத்தில் ஏறுகிறது, முன்பு 0.3-ஆயிருந்த பின்னம் 0.23-க்கு இறங்கிவிடுகிறது, எழும்பல் 37-லிருந்து 48 சதவீதமாகிறது. அவர் பணம் கொடுத்து வாங்கியது முன்னிலும் அதிகமாகத் துள்ளும் வண்டி. பையில் பணம் ஒன்றுக்கே போதுமானதாயிருந்தால், ஸ்பிரிங்கைத் தொடாமல் நல்ல ஷாக் அப்சார்பரை வாங்குவதே விவேகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஷாக் அப்சார்பருக்கு ஆட்டத்தின் அளவு தெரியாது, வேகமே தெரியும். வண்டி வளைவில் சாய்வதும் பிரேக்கில் மூக்கைத் தாழ்த்துவதும் பிஸ்டனுக்கு மந்தமான இயக்கங்கள், பெரும்பாலும் வினாடிக்கு 10 சென்டிமீட்டருக்குள் அடங்குபவை. குழியின் விளிம்பைச் சக்கரம் மோதும்போதோ அது ஒரு மீட்டரையும் தாண்டுகிறது. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி அமைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. மணிக்கு 25 கிலோமீட்டரில் அதைக் கடக்க அரை வினாடிக்குச் சற்று அதிகமாகிறது. அது வண்டியின் உடலை மெல்லத் தூக்கி இறக்கும் இயக்கம். ஊரார் தாமே சிமெண்டைக் குழைத்துத் தெருமுனையில் கட்டிவிடும் ஒரு முழ அகலத் திண்ணையோ சக்கரத்தை அடிக்கும் சம்மட்டி. ஆதலால் நமக்கு வேண்டியது, மந்த வேகத்தில் உறுதியாகப் பிடித்து, வேகம் மிகும்போது வால்வைத் திறந்து விட்டுக்கொடுக்கும் ஷாக் அப்சார்பர். வேகத்துக்கு நேர் விகிதமாகவோ அதற்கு மேலாகவோ தடையை உயர்த்திக்கொண்டே போகும் வகை, வழவழப்பான பந்தயப் பாதையில் குறை தெரியாமல் ஓடினாலும் நம் தெருக்களில் முதுகெலும்பை விசாரிக்கும். தயாரிப்பாளரிடம் வேகத்துக்கும் விசைக்குமான வரைபடத்தைக் கேட்டுப் பார்த்து வாங்குவதே முறை; படம் தர மறுப்பவரிடம் வாங்குவதற்கு அவசியமில்லை.

அவ்வரைபடத்தில் எதைத் தேடுவது? நாம் எடுத்துக்கொண்ட வண்டியின் முன்புறத்துக்கு, தினசரி ஓட்டத்தில் 0.35 போதும் என்றால், வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் அமுங்கலுக்கும் விரிதலுக்கும் சராசரியாக 220 நியூட்டன் வருகிறது. அமுங்கும்போது தடை குறைவாகவும், ஸ்பிரிங் தன் சேமிப்பைத் திருப்பித் தரும் விரிதலில் அதிகமாகவும் இருப்பது நலம். ஆகவே அமுங்கலில் 150, விரிதலில் 290 என்று பகிரலாம். பந்தய நாளுக்காகத் திருகும் குமிழ் ஒன்று மட்டும் உடைய ஷாக் அப்சார்பர்களில் அக்குமிழ் பெரும்பாலும் விரிதலையே மாற்றுகிறது. அதைத் திருகிப் பின்னத்தை 0.5-க்கு ஏற்றினால் விரிதல் ஏறத்தாழ 480 ஆகும். அமுங்கலைப்போல் மூன்று மடங்கு. பந்தய வண்டிக்குரிய 0.65-க்கே போகவேண்டும் என்று கடைசிவரை திருகினாலோ விரிதல் 670-ஐ எட்டி நாலரை மடங்காகிவிடும். அப்போது மேட்டில் எளிதாக ஏறிய சக்கரம், அடுத்த மேடு வருவதற்குள் இறங்கி முடிப்பதில்லை. வரிசையாக நான்கைந்து மேடுகள் வந்தால் வண்டி ஒவ்வொன்றுக்கும் சிறிது சிறிதாகத் தாழ்ந்து, கடைசியில் நாம் தப்பவிரும்பிய அதே ரப்பர்த் தடுப்பின்மேலே போய் உட்கார்ந்துவிடும். எனவே ஒற்றைக் குமிழை 0.5-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வேண்டுவோர், அமுங்கலையும் விரிதலையும் தனித்தனியே திருத்தும் இரட்டைக் குமிழ் வகைக்குக் கூடுதல் விலை கொடுத்தே ஆகவேண்டும். சிறு கார்கள் பலவற்றில் பின்புற ஷாக் அப்சார்பரின் தலை டிக்கியின் உட்புற விரிப்புக்கு அடியில் மறைந்திருப்பதால், வாங்குவதற்கு முன்பே அந்தக் குமிழுக்குக் கை எட்டுமா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.